கோவிந்தராஜன் என்றொரு திருடன்: ஜெர்மன் காலனிய நாவல்களும் சோழமண்டலக் கரையும்

கிறிஸ்டியன் கிராஹ்ட் எழுதிய 'இம்பீரியம்' 2012இல் வெளிவந்தபோது ஜெர்மன் இலக்கிய உலகில் பெரிய சண்டையே நடந்தது. அதன் கதாநாயகன் ஆகுஸ்ட் எங்கல்ஹார்ட் வரலாற்றில் உண்மையாக வாழ்ந்த மனிதர். தேங்காயை மட்டும் உண்டு, ஆடை துறந்து, சூரியனை வழிபட்டு வாழ்ந்தால் மனிதன் தெய்வநிலை எய்தலாம் என்று நம்பியவர். 1902இல் ஜெர்மன் நியூகினியின் கபாகோன் தீவில் தென்னந்தோப்பு வாங்கிக் குடியேறினார். நாவலில் அவர் போகிற வழியில் இலங்கையில் தங்குகிறார். அங்கே ஒரு தமிழர் அறிமுகமாகிறார். பெயர் கோவிந்தராஜன். தானும் பழங்களை மட்டுமே உண்பவன் என்கிறார். உலகத்தில் தன்னைப் போல இன்னொருவன் இருக்கிறானே என்று ஜெர்மானியரின் மனம் நெகிழ்ந்துபோகிறது. கடைசியில் அந்தத் தமிழர் அவரது பணத்தைச் சுருட்டிக்கொண்டு மறைந்துவிடுகிறார்.

கோவிந்தராஜன் தில்லைத் திருச்சித்திரகூடத்துப் பெருமாளின் பெயர். சிதம்பரம், ஸ்ரீமுஷ்ணம் பக்கத்தில் தெருவுக்கு இரண்டு கோவிந்தராஜன் இருந்த காலம் உண்டு. எங்கள் ஊர்ப் பெயர் தாங்கிய ஒருவர் ஜெர்மன் நாவலில் திருடனாக வருகிறாரே என்று எனக்குக் கோபம் வரவில்லை. திருடர்கள் எல்லா மொழியிலும் எல்லாப் பெயரிலும் இருக்கிறார்கள். பழைய காலனிய எழுத்தாளர்களின் எக்களிப்பான குரலைப் பகடி செய்வதற்காகவே கிராஹ்ட் அப்படி எழுதினார் என்று அவருக்காகப் பேசுகிறவர்கள் சொல்கிறார்கள். அதில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் என்னை உறுத்துவது வேறு. அந்தத் தமிழர் எங்கிருந்து வந்தார், ஏன் அந்த வேஷம் போட்டார், வெள்ளைக்காரரைப் பார்த்தபோது அவர் மனத்தில் என்ன ஓடியது என்பதைக் கதை எங்கேயும் கேட்கவில்லை. பகடிக்குள்ளும் அவர் நிற்கிற இடம் பழைய இடம்தான். ஜெர்மானியரின் கதை நகர ஒரு படிக்கட்டு வேண்டியிருந்தது. அவர் அந்தப் படிக்கட்டு.

இந்த இடத்தில் ஒரு தமிழ் வாசகருக்கு எழவேண்டிய கேள்வி ஒன்று உண்டு. ஜெர்மானியர்கள் தமிழரை அறியாதவர்களா? ஐரோப்பிய மொழிகளில் தமிழரைப் பற்றி மிக நுணுக்கமாக, மிக முன்னதாக எழுதப்பட்ட மொழிகளில் ஜெர்மன் ஒன்று. அப்படியிருக்க, ஜெர்மன் நாவலுக்குள் தமிழர் ஏன் இவ்வளவு மெலிந்த உருவமாக வருகிறார்?

ஜெர்மனிக்கு இந்தியாவில் காலனி கிடையாது. அதன் காலனிகள் 1884இல் தொடங்கி, முதல் உலகப்போரில் பறிபோய், 1919 வெர்சாய் உடன்படிக்கையோடு முடிந்தன. ஆப்பிரிக்காவிலும் பசிபிக் தீவுகளிலும் சீனாவின் ஒரு மூலையிலும் இருந்தன. அதற்கு வெகு முன்பே ஜெர்மானியர்கள் நம் கரையில் இறங்கிவிட்டார்கள். 1620இல் தஞ்சை ரகுநாத நாயக்கர் தரங்கம்பாடியை டேனிஷ்காரர்களுக்கு விட்டுக்கொடுத்தார். (ஸ்ரீமுஷ்ணம் பூவராகப் பெருமாள் கோயிலின் சிற்ப மண்டபத்தை அவருடைய தந்தை அச்சுதப்ப நாயக்கரோடு இணைத்துச் சொல்வது எங்கள் ஊர் வழக்கம். தந்தை இங்கே தூண் நிறுத்தினார், மகன் கிழக்கே கடற்கரையைத் திறந்துவிட்டார்.) டென்மார்க் அரசர் நான்காம் ஃபிரெடெரிக் அந்தக் கோட்டைக்குச் சமயப் பணியாளர்களை அனுப்ப நினைத்தபோது, கிடைத்தவர்கள் ஜெர்மானியர்கள். பர்த்தலோமேயு சீகன்பால்கும் ஹைன்ரிஷ் புளுச்சோவும் 1706 ஜூலை 9 அன்று தரங்கம்பாடிக்கு வந்து சேர்ந்தார்கள்.

சீகன்பால்குவுக்கு அப்போது வயது 23 அல்லது 24. திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு மணலில் விரலால் எழுதித் தமிழ் கற்றார் என்று அவரைப் பற்றிப் பலரும் எழுதியிருக்கிறார்கள். இந்தக் கட்டுரைக்கு வேண்டியது அதற்கடுத்த செய்தி. அவர் தமிழ் ஏடுகளைத் தேடி வாங்கினார். 1708இல் தம் நூலகத்துக்கு ஒரு விளக்கப் பட்டியல் எழுதினார். தமிழ்த் தெய்வங்களின் வம்சாவளி என்று ஒரு பெரிய நூலை 1713இல் முடித்து ஜெர்மனியின் ஹாலே நகரத்துக்கு அனுப்பினார். சிவன், திருமால் மட்டுமல்லாமல் ஐயனார், எல்லம்மன், மாரியம்மன், அங்காளம்மன், பிடாரி என ஊர்த் தெய்வங்களும் அதில் இடம்பெற்றன. ஹாலேயில் அவரை ஆதரித்த ஆகுஸ்ட் ஹெர்மன் ஃபிராங்கே அதை அச்சிட மறுத்தார். அஞ்ஞானத்தை வேரறுக்கப் போனவர் அதை ஐரோப்பாவில் பரப்புவதா என்பது அவர் கருத்து. அந்த நூல் 1867இல்தான், அதுவும் சென்னையில், அச்சேறியது. ஜெர்மனியில் நாவல் என்ற வடிவம் வளர்ந்து தழைத்த காலம் முழுவதும் தமிழரைப் பற்றிய மிகச் செறிவான ஜெர்மன் நூல் ஒன்று கையெழுத்துப் படியாக முடங்கிக் கிடந்தது.

அதைவிட முக்கியமானது கடிதங்கள். சீகன்பால்குவும் அவருடைய தோழர்களும் தமிழ்க் கற்றோரிடம் எழுத்தில் கேள்விகள் கேட்டு, வந்த பதில்களை 1712 முதல் ஜெர்மனில் மொழிபெயர்த்து அனுப்பினார்கள். ஹாலேயில் இரண்டு தொகுதிகளாக 99 கடிதங்கள் அச்சாயின. எழுதியவர்கள் பெயர்கள் இல்லை. மொழிபெயர்ப்பாளராக இருந்த அழகப்பனின் பெயர் மட்டும் 'அலெப்பா' என்று ஜெர்மன் ஏடுகளில் நிற்கிறது. அந்தக் கடிதங்களில் தமிழர்கள் வெறுமனே விவரம் சொல்லிவிட்டு ஒதுங்கவில்லை. தங்கள் வழிபாட்டையும் நெறியையும் நிதானமாக விளக்கினார்கள். கிறிஸ்தவர்களை ஏன் எங்கள் மக்கள் மதிப்பதில்லை தெரியுமா என்று திருப்பிக் கேட்டார்கள். பசுவைக் கொல்கிறீர்கள், குடிக்கிறீர்கள், உடல் சுத்தம் பேணுவதில்லை, உங்கள் நடத்தையைப் பார்த்துவிட்டு உங்கள் வேதத்தை எப்படி நம்புவது என்ற பொருளில் எழுதினார்கள். ஹாலேப் பதிப்பாளர்கள் கைவைத்திருந்தாலும், மொழிபெயர்ப்பில் சுருங்கியிருந்தாலும், அந்தக் குரலில் தாழ்வு மனப்பான்மையின் சாயலே இல்லை. ஐரோப்பியரை எதிரில் உட்கார வைத்து நிறுத்துப் பார்க்கிற குரல் அது.

ஜெர்மன் காலனிய நாவல்களை நான் மதிப்பிடும் அளவுகோல் இதுதான். ஒரு நாவலில் கறுப்பர்கள் நல்லவர்களாக வருகிறார்களா, வெள்ளையர் கெட்டவர்களாக வருகிறார்களா என்பதை வைத்துப் பண்பாட்டுச் சந்திப்பை அளக்க முடியாது. எதிரில் இருப்பவர் கேள்வி கேட்கிறாரா? அந்தக் கேள்வி கதையின் போக்கை மாற்றுகிறதா? 1712இல் தரங்கம்பாடிக் கரையில் நிகழ்ந்துவிட்ட காரியம் அது. ஜெர்மன் நாவல் அந்த இடத்துக்கு வந்து சேர ஏறத்தாழ 300 ஆண்டுகள் ஆயின.

அதே கரையிலிருந்து இன்னொரு சரக்கும் ஜெர்மனுக்குப் போயிற்று. புதுச்சேரியில் இருந்த பிரெஞ்சுக்காரர் பியேர் சொன்னெரா 1782இல் தம் பயண நூலை வெளியிட்டார். மறு ஆண்டே அது ஜெர்மனில் வந்துவிட்டது. அதில் மாரியம்மன் கதை இருக்கிறது. ஜமதக்னி முனிவரின் மனைவி ரேணுகை, குடமில்லாமலே நீரைத் திரட்டிக் கொண்டுவரும் கற்புடையவள். ஒருநாள் நீரில் தெரிந்த கந்தர்வனின் நிழலழகில் ஒரு கணம் மனம் தயங்குகிறது. ஆற்றல் போய்விடுகிறது. கணவன் கட்டளைப்படி மகன் தலையை வெட்டுகிறான். பிறகு உயிர்ப்பிக்கும்போது அவள் தலை, வெட்டுண்டு கிடந்த ஒரு தாழ்த்தப்பட்ட பெண்ணின் உடலோடு சேர்ந்துவிடுகிறது. எங்கள் பக்கத்துக் கிராமங்களில் அம்மனின் தலையை மட்டும் வைத்துக் கும்பிடும் சன்னிதிகளைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கதையை விளக்கத் தேவையில்லை.

கதே இந்தக் கதையைப் பல பத்தாண்டுகள் மனத்தில் சுமந்தார். 1820களில் 'பறையன்' என்ற மூன்று பகுதிக் கவிதையாக்கினார். அதில் பிராமணத் தலையும் பறைப்பெண்ணின் உடலும் கொண்ட தேவி, கடைநிலை மக்களுக்காகப் பிரம்மாவிடம் முறையிடுகிறாள். நம் மண்ணின் கதையில் சாதிதான் உயிர்நாடி என்பதைத் தமிழ்நாட்டை மிதிக்காத கதே பிடித்துக்கொண்டார். 1940இல் தாமஸ் மன் 'மாற்றிவைத்த தலைகள்' என்ற குறுநாவலை எழுதினார். அவருக்குக் கரு கிடைத்தது இந்தியவியலாளர் ஹைன்ரிஷ் சிம்மரின் எழுத்தில். மூலம் வேதாளக் கதை. இரண்டு நண்பர்கள், ஒருத்தி, காளி கோயிலில் வெட்டுண்ட தலைகள் இடம் மாறிவிடுகின்றன. அறிவு தலையிலா உடலிலா என்ற விசாரணையாக அது விரிகிறது. மன் மகத்தான எழுத்தாளர். கதையும் சுவையானது. ஆயினும் இந்தியா அதில் ஒரு மேடைத்திரை. எழுதப்பட்ட ஆண்டு 1940. இந்தியா பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்தது, மன் நாஜிகளிடமிருந்து தப்பி அமெரிக்காவில் இருந்தார். கதைக்குள் இரண்டுக்கும் இடமில்லை. கதே கையில் தலையும் உடலும் இரண்டு சாதியாக இருந்தன. மன் கையில் அவை இரண்டு தத்துவமாக மாறிவிட்டன. தமிழ் வாசகனாக எனக்குக் கதே நெருக்கமாக இருப்பது இதனால்தான்.

காலமற்ற இந்தியா என்ற இந்தப் பார்வைக்குப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு ஹெர்மன் ஹெஸ்ஸெயின் 'சித்தார்த்தன்'. 1922இல் வந்தது, தமிழில் திருலோக சீதாராம் மொழிபெயர்த்தார். ஹெஸ்ஸெயின் தாய் 1842இல் தலச்சேரியில் பிறந்தவர். தாய்வழித் தாத்தா ஹெர்மன் குண்டர்ட் 1836இல் சென்னையில் இறங்கி, மலையாளக் கரைக்குப் போவதற்கு முன் தமிழ் கற்றவர். பின்னால் மலையாள அகராதி தந்தவர். அப்படிப்பட்ட குடும்பத்துப் பிள்ளை 1911இல் கப்பலேறி இலங்கை, பினாங்கு, சிங்கப்பூர், சுமத்ரா வரை வந்தார். இந்திய மண்ணை மிதிக்காமலே திரும்பினார். கண்ணில் பட்ட காலனிய ஆசியா, துறைமுகங்களும் கூலிகளும் ஐரோப்பிய ஓட்டல்களும், அவருக்கு ஏமாற்றமாக இருந்தது. பதினோரு ஆண்டு கழித்து எழுதிய நாவலில் புத்தர் காலத்துக்குப் போய்விட்டார். அங்கே வெள்ளைக்காரர்களே இல்லை. இதைவிட நேர்மையான படைப்பாக எனக்குத் தோன்றுவது, 1913இல் அவர் எழுதிய 'ராபர்ட் ஏகியன்' என்ற சிறுகதை. மதம் பரப்ப இந்தியா வரும் இளைஞன் ஒருவன், வண்ணத்துப்பூச்சிகளையும் மனிதர்களையும் பார்த்துப் பார்த்து, இவர்களிடமிருந்து இவர்கள் தெய்வங்களைப் பிடுங்க எனக்கு என்ன உரிமை என்ற கலக்கத்தில் விழுந்து, மிஷன் வேலையை விட்டுவிடுகிறான். ஹெஸ்ஸெ தம் சொந்தக் குடும்பத்தை விசாரித்த கதை அது. 'சித்தார்த்தன்' பெற்ற புகழில் பத்தில் ஒரு பங்குகூட அதற்குக் கிடைக்கவில்லை என்பது எனக்கு வருத்தம்.

நேரடிக் காலனிய நாவல் ஆப்பிரிக்காவிலிருந்து பிறந்தது. இன்றைய நமீபியாவில் 1904இல் ஹெரேரோ மக்கள் எழுந்தார்கள். அக்டோபர் 2 அன்று தளபதி ஃபோன் ட்ரோத்தா அவர்களை ஒழித்துக்கட்டும் ஆணையைப் பிறப்பித்தார். தண்ணீரில்லாத பாலைவனத்துக்குள் விரட்டி மக்களைச் சாகடித்தார்கள். இரண்டே ஆண்டில், 1906இல், குஸ்டாவ் ஃபிரென்சன் 'பீட்டர் மோரின் தென்மேற்குப் பயணம்' என்ற நாவலை வெளியிட்டார். ஓர் எளிய படைவீரன் சொல்லும் கதை. ஜெர்மன் பள்ளிப் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாகப் படித்தார்கள். அதில் ஆப்பிரிக்கர்களுக்குப் பெரும்பாலும் பெயர் இல்லை, பேச்சு இல்லை. வீடு கட்டாதவர்கள், கிணறு தோண்டாதவர்கள், ஆகவே சாகத் தகுந்தவர்கள் என்ற வாதம் அந்நாவலில் பக்தியோடு வைக்கப்படுகிறது. ஒரு நாவல் ஒரு கொலைக்கு எவ்வளவு அமைதியாகத் துணைபோக முடியும் என்பதற்கு இதைவிடக் கொடிய சான்று நான் படித்ததில்லை.

அதே மண்ணுக்கு 1978இல் ஊவே டிம் திரும்பிப் போனார். 'மொரெங்கா' என்ற அவருடைய நாவல், நாமா மக்களின் போராளி யாக்கோப் மொரெங்காவின் பெயரைத் தாங்கியது. கதையின் மையத்தில் இருப்பவர் கோட்ஷால்க் என்ற ராணுவக் கால்நடை மருத்துவர். அங்கேயே பண்ணை வைத்துப் பிழைக்கலாம் என்ற கனவோடு வருகிறார். நாமா மொழி கற்கிறார். கண்முன் நடப்பதைத் தாங்க முடியாமல் விலகுகிறார். ஆனால் போராளிகளின் பக்கம் சேரும் துணிவும் அவருக்கு வரவில்லை. கதையின் நடுநடுவே அறிக்கைகள், தந்திகள், ராணுவக் குறிப்புகள் வருகின்றன. வாசகர் எதிர்பார்க்கிற ஒன்றை டிம் செய்ய மறுக்கிறார்: மொரெங்காவின் மனத்துக்குள் நுழைந்து அவருக்காகப் பேச மறுக்கிறார். நிலத்தைப் பிடித்தவர்களின் பேரன் மனத்தையும் பிடிக்கக் கூடாது என்ற அறம் அதில் இருக்கிறது. நாவல் வந்து 43 ஆண்டுகள் கழித்து, 2021 மே மாதம், ஜெர்மன் அரசு அந்தக் கொலைகளை இனப்படுகொலை என்று ஏற்றுக்கொண்டது. எழுத்தாளர் அரசுக்கு நான்கு பத்தாண்டுகள் முன்னால் நின்றார்.

இருந்தும் டிம்மின் மௌனம் முழுத் தீர்வாகாது. எதிரில் இருப்பவரைப் பற்றி மரியாதையாக வாய்மூடி இருப்பதும், அவரைப் பேசவிடாமல் இருப்பதும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிற காரியங்கள். இந்தக் கட்டைத் தாண்டியவர் இலியா ட்ரோயானோவ். பல்கேரியாவில் பிறந்து, கென்யாவில் வளர்ந்து, மும்பையில் ஐந்தாண்டு வாழ்ந்தவர். 2006இல் வந்த 'உலகங்களைச் சேகரிப்பவன்' ஆங்கிலேய அதிகாரியும் பயணியுமான ரிச்சர்ட் பர்ட்டனின் கதை. பரோடாவில் பர்ட்டனிடம் வேலை பார்த்து நீக்கப்பட்ட நௌகாராம், புது வேலைக்குச் சிபாரிசுக் கடிதம் எழுதித்தரச் சொல்லித் தெருவோர எழுத்தரிடம் போகிறான். ஒரு கடிதத்துக்காக உட்கார்ந்தவன் நாள்கணக்கில் பேசுகிறான். எழுத்தர் கேள்வி கேட்கிறார், நம்ப மறுக்கிறார், கூட்டுகிறார், கடைசியில் கதை அவருடையதாகவும் ஆகிவிடுகிறது. வெள்ளைக்கார எசமான் வேலைக்காரனின் பேச்சில் சிக்கி நிற்கிறார். ஆப்பிரிக்கப் பகுதியில் சிதி முபாரக் பம்பாய் என்ற வழிகாட்டி, வயதான காலத்தில் சான்சிபாரில் நண்பர்களுக்குக் கதை சொல்கிறார். கேட்பவர்கள் சிரிக்கிறார்கள், மறுக்கிறார்கள். இங்கே பேசுகிறவர்கள் பொய்யும் சொல்கிறார்கள், பெருமையும் அடித்துக்கொள்கிறார்கள். அதனாலேயே முழு மனிதர்களாக இருக்கிறார்கள்.

நௌகாராமும் எழுத்தரும் உட்கார்ந்திருக்கும் காட்சியைப் படிக்கும்போது எனக்கு அழகப்பன் நினைவுக்கு வந்தார். ஒருவர் சொல்ல, இன்னொருவர் எழுத, மூன்றாமவர் மொழிபெயர்க்க, ஹாலேயில் நான்காமவர் திருத்த, ஐந்தாமவர் படித்த அந்த 99 கடிதங்களும் இதே வேலையைச் செய்தவை. ட்ரோயானோவ் புனைந்தது ஜெர்மன் ஆவணக் காப்பகத்தில் ஏற்கெனவே நடந்திருக்கிறது, அதுவும் தமிழர் வாயால்.

இப்படி எழுதப்படக் காத்திருக்கும் கதைகள் எங்கள் கரையில் குறைவில்லை. மலையப்பன் என்ற தமிழ் இளைஞர் 1714இல் சீகன்பால்குவோடு கப்பலேறி டென்மார்க்கும் ஹாலேயும் போய் 1716இல் திரும்பினார். ஒரு தமிழர் ஜெர்மன் நகரத்துக் குளிர்காலத்தில் எதைப் பார்த்தார், யாரை எடைபோட்டார்? கடலூரில் சைவ வணிகர் குடும்பத்தில் பிறந்த ஆறுமுகம், 1718இல் திருமுழுக்குப் பெற்று ஆரோன் ஆனார். 1733 டிசம்பர் 28 அன்று குருவாக அபிஷேகம் செய்யப்பட்டார். புராட்டஸ்டன்ட் சபையில் இந்தியர் ஒருவர் குருவானது அதுவே முதல் முறை. 1783 ஜூன் மாதம் அதே கடலூரில் ஆங்கிலேயருக்கும் பிரெஞ்சுக்காரருக்கும் நடந்த போரில் ஹானோவரிலிருந்து வந்த ஜெர்மன் சிப்பாய்கள் ஆங்கிலேயர் பக்கம் நின்று செத்தார்கள். அந்த ஹானோவர் படைகளில் அதிகாரியாக இருந்த கார்ல் ஆகுஸ்ட் ஷ்லேகல் 1789இல் சென்னையில் இறந்தார். அவருடைய தம்பிகளில் ஒருவரான ஃபிரீட்ரிஷ் 1808இல் இந்தியரின் மொழியும் ஞானமும் பற்றி நூல் எழுதினார். இன்னொருவரான ஆகுஸ்ட் வில்ஹெல்ம் பான் பல்கலைக்கழகத்தில் ஜெர்மனியின் முதல் இந்தியவியல் பேராசிரியரானார். அண்ணன் இங்கே மண்ணாக, தம்பிகள் அங்கே சமஸ்கிருதத்தில் இந்தியாவைத் தேடினார்கள்.

ஸ்ரீமுஷ்ணத்தில் இருந்துகொண்டு இதையெல்லாம் ஏன் எழுதுகிறேன் என்று கேட்கலாம். மாசி மகத்துக்கு எங்கள் பூவராகப் பெருமாள் கிள்ளைக் கடற்கரைக்குத் தீர்த்தவாரிக்கு எழுந்தருளுவார். கிள்ளையில் இஸ்லாமியர்கள் எதிர்கொண்டு மரியாதை செய்வார்கள். பெருமாள் தரப்பிலிருந்து தர்காவுக்கும் மரியாதை போகும். இரண்டு பக்கமும் கொடுக்கிறது, இரண்டு பக்கமும் வாங்கிக்கொள்கிறது. சந்திப்பு என்றால் அப்படித்தான் இருக்கவேண்டும் என்று சின்ன வயதிலிருந்து பார்த்துப் பழகிய கண்ணுக்கு, ஒருவர் மட்டுமே பேசும் நாவல் குறைபட்டதாகத் தெரிகிறது. கிள்ளைக்குப் பக்கத்துப் பரங்கிப்பேட்டையில் போர்த்துக்கீசியர், டச்சுக்காரர், டேனிஷ்காரர், ஆங்கிலேயர் எல்லோரும் கடை விரித்தார்கள். அவர்கள் எழுதிவைத்தவை அவரவர் நாட்டுக் காப்பகங்களில் இருக்கின்றன. நாம் அவர்களைப் பற்றி எழுதியது மிகக் கொஞ்சம்.

ஆகவே என் வேண்டுகோள் சிதம்பரத்து அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர்களுக்கும், தமிழ் நாவலாசிரியர்களுக்கும். ஜெர்மன் கற்றுக்கொள்ளுங்கள். அந்த 99 கடிதங்களும் அவற்றை எழுதியவர்களின் மொழியில் நல்ல குறிப்புகளோடு, எல்லோரும் வாங்கக்கூடிய விலையில் புழங்கவேண்டும். மலையப்பனும் ஆறுமுகமும் அழகப்பனும் தமிழ் நாவலில் வரவேண்டும். கோவிந்தராஜன் அந்த ஜெர்மானியரைப் பார்த்தபோது என்ன நினைத்தார் என்பதை எழுதும் கடமை கிராஹ்ட்டுக்கு இல்லாமல் போகலாம். நமக்கு உண்டு.